லெதர் ஷூவில் 'லெதர்' அட்ஜெக்டிவா, நவுனா? ஆம்பூரிலிருந்து ஒரு சந்தேகம்

ஆம்பூர்_ஏற்றுமதி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மெயில் எழுதுவது, பேக்கிங் லிஸ்ட் சரிபார்ப்பது எல்லாம் எங்கள் வேலை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குச் சாயங்காலத்தில் கொஞ்ச நேரம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலும் வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு பக்கம் தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவர்கள். கேள்வி கேட்பதில் கெட்டிக்காரர்கள்.

அட்ஜெக்டிவ் பாடத்தில் பள்ளிக்கூட விதியைத்தான் சொன்னேன்: பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று அதை விவரிப்பது அட்ஜெக்டிவ். உடனே ஒரு பெண் கேட்டாள்: "அப்படின்னா லெதர் ஷூன்னு சொல்றோமே, அதுல லெதர் அட்ஜெக்டிவா சார்?" அகராதியைப் பிரித்தால் நவுன், அதாவது பெயர்ச்சொல் என்றுதான் முதலில் போட்டிருக்கிறது. அப்புறம் வரிசையாக வந்துவிட்டன: ஃபினிஷ்டு லெதர், லைனிங் லெதர், வெட் ப்ளூ. நாள் முழுக்க எங்கள் வாயில் புழங்கும் சொற்கள்தான். இவற்றில் எது எந்த இனம்? பிள்ளைகளிடம் மழுப்ப எனக்கு விருப்பமில்லை. தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் நல்லது.

காட்பாடி_ஜங்ஷன் எழுதியது:

இதில் குழப்பமே இல்லை சார். முன்னால் நின்றால் அட்ஜெக்டிவ். வேலூர் ஃபோர்ட், ஸ்டோன் வால், லெதர் ஷூ, எல்லாம் ஒரே கணக்கு. நான் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன், அங்கேயும் இப்படித்தான் சொல்லித் தருகிறார்கள்.

குடியாத்தம்_டீச்சர் எழுதியது:

காட்பாடி தம்பி, அந்த விதி பாதி தூரம்தான் வரும். ஒரு சொல் வாக்கியத்தில் செய்கிற வேலை வேறு, அந்தச் சொல்லின் இனம் வேறு. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தவரெல்லாம் டிரைவர் ஆகிவிட மாட்டார். 'லெதர் ஷூ'வில் லெதர் ஒரு பெயரை விவரிக்கிற வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். அது நவுனாகவே இருந்துகொண்டு அந்த வேலையைச் செய்கிறது.

எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். 'சாஃப்ட் ஷூ', 'லெதர் ஷூ' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'வெரி சாஃப்ட் ஷூ' சரி. 'வெரி லெதர் ஷூ' என்று யாரும் சொல்வதில்லை. 'சாஃப்டர்' உண்டு. 'மோர் லெதர் ஷூ' என்றால் இன்னும் சில லெதர் ஷூக்கள் என்றுதான் அர்த்தம் வரும், இன்னும் அதிக லெதர்த்தனம் உள்ள ஷூ என்று வராது. அடுத்து 'சீம்' என்ற வினையைப் போடுங்கள். 'தி ஷூ சீம்ஸ் சாஃப்ட்' இயல்பாக நிற்கிறது. 'தி ஷூ சீம்ஸ் லெதர்' நிற்பதில்லை. இங்கே 'இஸ்' போட்டுச் சோதிக்காதீர்கள், அது ஏமாற்றும். 'திஸ் ஷூ இஸ் லெதர்' என்று வெள்ளைக்காரரும் சொல்வார். இஸ்ஸுக்குப் பின்னால் நவுன், அட்ஜெக்டிவ் இரண்டும் தாராளமாக உட்காரும்.

இதைவிட நல்ல சோதனை ஒன்று உங்கள் கம்பெனி அட்டைப்பெட்டியிலேயே இருக்கும். 'ஜெனியூன் லெதர் ஷூ' என்று அச்சடித்திருப்பார்கள் அல்லவா? அதில் 'ஜெனியூன்' எதை விவரிக்கிறது? ஷூவை அல்ல, லெதரை. அசல் தோல், அதனால் செய்த ஷூ. அட்ஜெக்டிவ் விவரிப்பது நவுனைத்தான், ஆகவே லெதர் அங்கே நவுன். இப்போது 'சாஃப்ட்'டுக்கு முன்னால் அதே சொல்லைப் போட்டு, அந்த மென்மை உண்மையானது என்று சொல்லிப் பாருங்கள். 'ஜெனியூன்லி சாஃப்ட் ஷூ' என்று மாற்றியாக வேண்டும். அட்ஜெக்டிவை விவரிக்க அட்வெர்ப், அதாவது வினையடை வேண்டும். முன்னால் வருவது எது என்று பார்த்தாலே உள்ளே இருப்பது எது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்றும் கவனியுங்கள். நவுன் இந்த வேலைக்கு வரும்போது பெரும்பாலும் பன்மையைக் கழற்றிவிடும். நூறு விதமான ஷூ செய்தாலும் அது 'ஷூ ஃபேக்டரி'. 1900இல் ஐடா ஸ்கடர் வேலூரில் தொடங்கிய மருத்துவமனை 'ஒன்-பெட் கிளினிக்'. அதில் பத்துப் படுக்கை போட்டிருந்தாலும் 'டென்-பெட்' தான், 'டென்-பெட்ஸ்' இல்லை. 'ஸ்போர்ட்ஸ் ஷூ' மாதிரி சில விலக்குகள் உண்டு, அவற்றைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சத்துவாச்சாரி_வாசகர் எழுதியது:

டீச்சர், ஒரு மறுப்பு. ஐடா ஸ்கடர் பேரை எடுத்ததால் அங்கிருந்தே கேட்கிறேன். அந்தக் கிளினிக் வளர்ந்து ஆன 'கிறிஸ்டியன் மெடிக்கல் காலேஜ்' என்பதில் 'மெடிக்கல்' அட்ஜெக்டிவ் என்று எந்த அகராதியும் சொல்லும். ஆனால் 'வெரி மெடிக்கல் காலேஜ்' சொல்ல முடியாது. 'மோர் மெடிக்கல்' இல்லை. 'தி காலேஜ் சீம்ஸ் மெடிக்கல்' இல்லை. உங்கள் சோதனைப்படி பார்த்தால் மெடிக்கலும் நவுன் ஆகிவிடுமே?

குடியாத்தம்_டீச்சர் எழுதியது:

நல்ல கேள்வி. 'வெரி' சோதனையில் தேறினால் அட்ஜெக்டிவாகவோ அட்வெர்பாகவோ இருக்கும், நவுனாக இருக்காது. தேறாவிட்டால் அட்ஜெக்டிவ் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. கூடுதல் குறைவு இருக்கிற குணத்துக்குத்தான் 'வெரி' ஒட்டும். மெடிக்கல், மெயின், அன்யுவல், டிஜிட்டல் போன்றவை எந்த வகை என்று பிரித்துக் காட்டுபவை. அதில் கொஞ்சம், ரொம்ப என்று அளவு கிடையாது.

அங்கேதான் அட்வெர்ப் சோதனை கைகொடுக்கும். 'பியூர்லி மெடிக்கல் ரீசன்ஸ்' சொல்லலாம். 'பியூர் மெடிக்கல் ரீசன்ஸ்' என்றால் காது ஒப்பாது. அட்வெர்பை ஏற்கிறது, ஆகவே அட்ஜெக்டிவ். வால் பகுதியும் ஒரு தடயம்: மெடிசின் நவுன், 'அல்' சேர்ந்த மெடிக்கல் அட்ஜெக்டிவ். நம் ஊரில் மருந்துக்கடையை 'மெடிக்கல்' என்று சொல்லிப் பழகியதால் அது நவுன் போலத் தோன்றலாம். அது தமிழில் நாம் ஆக்கிக்கொண்ட பெயர். இங்கிலீஷ் மெயிலில் 'மெடிக்கல் ஷாப்' என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள்.

கோட்டை_அகழி எழுதியது:

வால் பகுதி பற்றி நானும் ஒரு எடுத்துக்காட்டு தருகிறேன். 1806 ஜூலை 10 அன்று நம் கோட்டைக்குள் நடந்த சிப்பாய் எழுச்சியை 'வேலூர் மியூட்டினி' என்று எழுதுகிறார்கள். இரண்டும் நவுன். அந்தச் சிப்பாய்களைக் குறிக்க 'மியூட்டினஸ் சோல்ஜர்ஸ்' என்று எழுதினால் 'அஸ்' வால் சேர்ந்து அட்ஜெக்டிவ் ஆகிவிடுகிறது. ஃபேமஸ், டேஞ்சரஸ் எல்லாம் இதே குடும்பம். 'ஃபுல்', 'லெஸ்', 'ஏபிள்', 'இக்', 'இவ்' என்று முடிபவையும் பெரும்பாலும் அட்ஜெக்டிவ்தான். தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு இது கைகொடுக்கும்.

வெயிலூர்க்காரன் எழுதியது:

நடுவில் ஒரு கேள்வி, கோபித்துக்கொள்ள வேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் நம் ஊரைப் பற்றி எல்லோரும் சொல்வது 'வேலூர் இஸ் வெரி ஹீட்'. தப்பு என்று தெரிகிறது, ஆனால் ஏன் தப்பு என்று யாரும் சொல்லித் தந்ததில்லை.

குடியாத்தம்_டீச்சர் எழுதியது:

ஹீட் நவுன், ஹாட் அட்ஜெக்டிவ். வெரி நவுன் மேல் ஒட்டாது. 'வேலூர் இஸ் வெரி ஹாட்' என்பதே சரி.

ஆனால் அந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்வது முக்கியம். 'இன்னிக்கு ஒரே வெயில்', 'அந்தப் பொண்ணு ரொம்ப அழகு', 'எனக்கு டென்ஷனா இருக்கு' என்று நாம் சொல்கிறோம். வெயில், அழகு, டென்ஷன் மூன்றும் பெயர்ச்சொற்கள். தமிழில் பெயர்ச்சொல்லே பயனிலையாக நின்று குணத்தைச் சொல்லிவிடும், இல்லையென்றால் 'ஆக' என்பதைச் சேர்த்துக்கொண்டு 'இருக்கு' முன்னால் நிற்கும். அதே பழக்கத்தில் 'ஐ ஆம் டென்ஷன்', 'ஷி இஸ் வெரி பியூட்டி', 'திஸ் பிளேஸ் இஸ் வெரி சைலன்ஸ்' என்று வந்துவிடுகிறது. இங்கிலீஷில் அந்த இடத்துக்கென்று தனிச் சொல் இருக்கிறது: டென்ஸ், பியூட்டிஃபுல், சைலன்ட். சேஃப்டிக்கு சேஃப். இந்த மாதிரி இணைகளைச் சேர்த்து எழுதி வைத்துப் படிக்கச் சொன்னால் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

ஆரணி_தமிழாசிரியர் எழுதியது:

டீச்சரம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கலாம். தொல்காப்பியம் சொல்லைப் பெயர், வினை, இடை, உரி என்று நான்காகப் பிரிக்கிறது. அதில் அட்ஜெக்டிவ் என்று தனி இனம் கிடையாது. 'நல்ல', 'பெரிய' என்பவற்றை நாம் குறிப்புப் பெயரெச்சம் என்றே படித்தோம். பெயரடை என்ற பெயர் இக்கால இலக்கணத்தில் வந்தது. லத்தீன் இலக்கணக்காரர்களும் அட்ஜெக்டிவை வெகுகாலம் நவுனின் ஒரு வகையாகவே வைத்திருந்தார்கள். ஆகவே பிள்ளைகளுக்கு இந்த எல்லை சட்டென்று பிடிபடாதது இயல்பே.

அதோடு தமிழில் 'அழகான', 'அழகாக' என்று சொல்லின் கடைசியிலேயே வேலை எழுதியிருக்கிறது. ஆன என்றால் பெயருக்கு, ஆக என்றால் வினைக்கு. இங்கிலீஷில் எப்போதும் அப்படி எழுதியிருக்காது என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆம்பூர்_ஏற்றுமதி எழுதியது:

ஐயா, டீச்சர், மிகவும் பயனாக இருக்கிறது. நீங்கள் சொன்ன ஆன, ஆக வைத்தே பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லலாமா? தமிழில் 'ஆன' வந்தால் இங்கிலீஷில் அட்ஜெக்டிவ், 'ஆக' வந்தால் 'எல்வை' போட்டு அட்வெர்ப். சாஃப்ட், சாஃப்ட்லி மாதிரி.

குடியாத்தம்_டீச்சர் எழுதியது:

வேண்டாம் சார். அந்தக் குறுக்குவழி பல இடத்தில் காலை வாரிவிடும். உங்கள் தொழிலிலேயே காட்டுகிறேன்.

'தோல் மென்மையாக இருக்கிறது.' ஆக வந்துவிட்டது. 'தி லெதர் இஸ் சாஃப்ட்லி' என்று எழுதுவீர்களா? மாட்டீர்கள். 'தோலைத் தொட்டால் மென்மையாகத் தெரிகிறது' என்பதை 'தி லெதர் ஃபீல்ஸ் சாஃப்ட்லி' என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. அது 'ஃபீல்ஸ் சாஃப்ட்' என்றே வர வேண்டும். இங்கே ஃபீல் ஒரு செயலைச் சொல்லவில்லை, தோலையும் அதன் குணத்தையும் இணைக்கிறது. மென்மை தோலுக்கு உரியது, தொடுகிற செயலுக்கு அல்ல.

அதே ஃபீல் செயலாகவும் வரும். குவாலிட்டி பார்க்கிற அம்மா ஒவ்வொரு தோலையும் கவனமாகத் தடவிப் பார்க்கிறார் என்றால், 'ஷி ஃபீல்ஸ் ஈச் பீஸ் கேர்ஃபுல்லி'. இங்கே கவனம் அந்தச் செயலுக்கு உரியது, ஆகவே அட்வெர்ப்.

இரண்டையும் பிரிக்க ஒரு வழி, வினையை எடுத்துவிட்டு 'இஸ்' போட்டுப் பார்ப்பது. 'தி லெதர் இஸ் சாஃப்ட்' பொருள் மாறாமல் நிற்கிறது, அட்ஜெக்டிவ். 'ஷி இஸ் ஈச் பீஸ்' என்று ஆரம்பித்தாலே வாக்கியம் உடைந்துவிடும், ஆகவே அங்கே அட்வெர்ப். முன்பு நவுனையும் அட்ஜெக்டிவையும் பிரிக்க 'இஸ்' உதவாது என்றேன். இங்கே கேள்வி அட்ஜெக்டிவா அட்வெர்பா என்பது, அதற்கு உதவும். லுக், ஸ்மெல், டேஸ்ட், சவுண்ட், சீம், பிகம் எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

பிரியாணி_பிரியன் எழுதியது:

அப்படியென்றால் 'தி பிரியாணி ஸ்மெல்ஸ் நைஸ்லி' தவறு, 'ஸ்மெல்ஸ் நைஸ்' சரி. தம் உடைத்ததும் சீரகச் சம்பா வாசனை வந்தால் 'ஸ்மெல்ஸ் வொண்டர்ஃபுல்'. ஆனால் மாஸ்டர் ஒரு கரண்டி எடுத்து உப்புப் பார்த்தால் 'ஹி டேஸ்ட்ஸ் தி பிரியாணி கேர்ஃபுல்லி'. சரியா டீச்சர்?

குடியாத்தம்_டீச்சர் எழுதியது:

மிகச் சரி. 'எல்வை' பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஃப்ரெண்ட்லி, காஸ்ட்லி, லவ்லி, டெய்லி எல்லாம் அந்த வாலோடு இருந்தும் அட்ஜெக்டிவ்கள். வாலை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். ஃப்ரெண்ட், காஸ்ட், லவ், டே என்று நவுன் மிஞ்சினால் பெரும்பாலும் அட்ஜெக்டிவ். சாஃப்ட், குவிக் என்று அட்ஜெக்டிவ் மிஞ்சினால் பெரும்பாலும் அட்வெர்ப். 'எல்டர்லி', 'டெட்லி' போல மீறுபவையும் உண்டு.

மறுபக்கம், வால் இல்லாமலே அட்வெர்பாக வருபவை: ஃபாஸ்ட், ஹார்ட், லேட். 'ஹார்ட் வொர்க்' என்பதில் அட்ஜெக்டிவ், 'ஷி வொர்க்ஸ் ஹார்ட்' என்பதில் அட்வெர்ப். இதை மறந்துவிட்டு ஒரு தொழிலாளியின் மதிப்பீட்டுப் படிவத்தில் 'ஷி ஹார்ட்லி வொர்க்ஸ்' என்று எழுதிவிட்டால், அவர் வேலையே செய்வதில்லை என்று ஆகிவிடும். ஒரு மனிதரின் சம்பள உயர்வு அந்த வரியில் தொங்குகிறது. பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மேல்விஷாரம்_டேனரி எழுதியது:

நான் டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில் இருக்கிறேன். லைனிங் லெதர், ஃபினிஷ்டு லெதர், வெட் ப்ளூ பற்றி இன்னும் யாரும் தொடவில்லையே.

வெட் ப்ளூ பற்றி நான் சொல்கிறேன். குரோம் உப்பில் பதனிட்ட தோல் நீல நிறமாகிவிடும், இன்னும் காய வைக்காததால் ஈரமாக இருக்கும். அதனால் அந்தப் பெயர். வெட், ப்ளூ இரண்டும் அட்ஜெக்டிவாகத்தான் பிறந்தன. ஆனால் நாங்கள் 'டூ கண்டெய்னர்ஸ் ஆஃப் வெட் ப்ளூ' என்று எழுதுகிறோம். பின்னால் லெதர் என்ற சொல்லே இல்லை. இது நவுன் ஆகிவிட்டது என்று நினைக்கிறேன்.

குடியாத்தம்_டீச்சர் எழுதியது:

ஆமாம் அண்ணே, 'ஆஃப்' பின்னால் தனியாக நிற்கிறது, ஒரு சரக்கின் பெயராகவே ஆகிவிட்டது. 'வெரி வெட் ப்ளூ' என்று சொன்னால் உங்கள் அர்த்தம் போய்விடும். அது நவுன்.

ஆனால் 'தி புவர்', 'தி ரிச்' என்பவை அப்படி இல்லை. பார்க்க நவுன் மாதிரி இருந்தாலும் 'தி வெரி புவர்' என்று சொல்ல முடிகிறது, 'புவர்ஸ்' என்று பன்மை வருவதில்லை. அவை அட்ஜெக்டிவாகவே இருந்துகொண்டு நவுன் இடத்தை நிரப்புகின்றன.

இப்போது லைனிங். 'ஷைனிங் லெதர்' என்றால் பளபளக்கிற தோல், பளபளப்பது தோல்தான். 'லைனிங் லெதர்' என்றால் லைனிங்குக்கு, அதாவது ஷூவின் உள்பக்கத்துக்கு வைத்திருக்கிற தோல். ஷைனிங், வினையிலிருந்து வந்து பெயரை விவரிப்பது. லைனிங், நவுன். ரன்னிங் வாட்டர், ட்ரிங்கிங் வாட்டர் இரண்டையும் சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். பாலாற்றில் தண்ணீர் வந்தால் அது ஓடும், ஆனால் தண்ணீர் குடிக்காது. பெயர் அந்தச் செயலைத் தானே செய்கிறதா என்று கேட்டால் போதும். உச்சரிப்பிலும் தெரியும்: ட்ரிங்கிங் வாட்டரில் அழுத்தம் முதல் சொல்லில் விழும்.

ஃபினிஷ்டு கொஞ்சம் சிக்கலானது. 'தி லெதர் வாஸ் ஃபினிஷ்டு பை அவர் ராணிப்பேட் யூனிட்' என்றால் யாரோ செய்த செயல், வெர்ப். 'ஃபினிஷ்டு லெதர்' என்று சரக்கின் நிலையைச் சொன்னால் அட்ஜெக்டிவாகக் கொள்ளலாம். 'அன்ஃபினிஷ்டு' என்று வந்துவிட்டால் சந்தேகமே இல்லை, ஏனென்றால் 'அன்ஃபினிஷ்' என்று ஒரு வினையே கிடையாது. இன்ட்ரஸ்டட், டயர்ட் போன்றவை 'வெரி'யை ஏற்று முழு அட்ஜெக்டிவாகவே ஆகிவிட்டவை.

காட்பாடி_ஜங்ஷன் எழுதியது:

டீச்சர், லெதர் விஷயத்தில் நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். என் புத்தகத்தில் திஸ், தட், மை, யுவர் எல்லாவற்றையும் அட்ஜெக்டிவ் என்றே போட்டிருக்கிறது. அவற்றுக்கு வெரியும் ஒட்டவில்லை, சீமும் ஒட்டவில்லை.

குடியாத்தம்_டீச்சர் எழுதியது:

பழைய புத்தகங்கள் அப்படிச் சொல்லும். இப்போதைய இலக்கணத்தில் அவற்றை டிட்டர்மினர் என்று தனியாகப் பிரித்துவிட்டார்கள். காரணம் நீ பார்த்ததுதான், கூடவே இன்னொன்று: அட்ஜெக்டிவ் இரண்டு மூன்று அடுக்கலாம், 'சாஃப்ட் ப்ளாக் ஷூ'. ஆனால் 'மை திஸ் ஷூ' முடியாது. தமிழில் 'என்னோட இந்த ஷூ' தாராளமாக வரும், அதனால் நமக்குக் கை அங்கே போகும். தேர்வில் உன் பாடத்திட்டம் என்ன சொல்கிறதோ அதையே எழுது தம்பி, மதிப்பெண்ணை விட்டுவிடாதே.

ஆம்பூர்_ஏற்றுமதி எழுதியது:

நேற்றைய வகுப்பில் இதையெல்லாம் சொன்னேன். கேள்வி கேட்ட அந்தப் பெண்ணே ஒரு மெயில் வரி எழுதி வந்தாள்: 'தி லைனிங் லெதர் அரைவ்டு லேட், பட் இட் ஃபீல்ஸ் சாஃப்ட், அண்ட் திஸ் இஸ் தி ஒன்லி கலர் அவைலபிள்.' லைனிங் நவுன், லேட் அட்வெர்ப், சாஃப்ட் அட்ஜெக்டிவ் என்று தானாகவே குறித்திருந்தாள். 'அவைலபிள்' மட்டும் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறாள். ஏபிள் வால் இருக்கிறது, ஆனால் கலருக்குப் பின்னால் நிற்கிறதே என்கிறாள்.

குடியாத்தம்_டீச்சர் எழுதியது:

மூன்றும் சரி. அந்தப் பெண்ணுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். 'ஒன்லி'யும் அங்கே அட்ஜெக்டிவ்தான், கலரை விவரிக்கிறது.

அவைலபிள் அட்ஜெக்டிவேதான். 'ரெடிலி அவைலபிள்' என்று அட்வெர்பை ஏற்கிறது பாருங்கள். அட்ஜெக்டிவ் பெயருக்குப் பின்னாலும் வரலாம். 'தட் இஸ் அவைலபிள்' என்பதில் முதல் இரண்டு சொல்லை விட்டுவிட்டதாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சம்திங், எனிதிங் போன்றவற்றுக்கு எப்போதும் பின்னால்தான்: 'எனிதிங் அர்ஜென்ட்?' என்று கேட்கலாம், 'அர்ஜென்ட் எனிதிங்' என்று கேட்க முடியாது. முன்னாலேயே நிற்க மறுப்பவையும் உண்டு. 'தி சைல்ட் இஸ் அஸ்லீப்' சரி, 'அன் அஸ்லீப் சைல்ட்' கிடையாது, 'ஸ்லீப்பிங் சைல்ட்' என்று மாற்ற வேண்டும். அஃப்ரெய்ட், அலைவ், அலோன் எல்லாம் அதே ரகம். அடுத்த வகுப்பை இந்த நான்கிலிருந்து தொடங்குங்கள்.